எட்டுக் கட்டத்துக்குள் அடங்காத தும்

பெல்லி டான்ஸ் வகுப்பில் சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு சின்னப் பரீட்சை நடந்தது. பரீட்சை என்று சொல்வதுகூட அதிகம். ஆசிரியை மூன்று இசைத் துண்டுகளைப் போட்டார். ஒவ்வொன்றும் அரை நிமிடம் இருக்கும். மக்ஸூம், பலதி, சயீதி என்ற மூன்று தாளங்களில் எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரே பதிலை மூன்று தடவை சொல்லியிருந்தால்கூட ஒன்றாவது சரியாக வந்திருக்கும். நான் யோசித்து யோசித்து, மூன்றையும் தப்பாகச் சொன்னேன்.

தப்பாகப் போனது பெரிதில்லை. உறுத்தியது வேறு. அந்த வகுப்பில் தாளங்களை ஒழுங்காக எழுதி வைத்திருந்த ஒரே ஆள் நான். கட்டம் போட்ட நோட்டு, ஒரு தாளத்துக்கு எட்டுக் கட்டம், சிவப்பு மையில் தும் என்ற அடி, நீல மையில் தெக் என்ற அடி. எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் மக்ஸூமை ஒப்பிப்பேன். பக்கத்தில் நின்ற பெண் நோட்டே கொண்டுவருவதில்லை. மூன்றாவது துண்டு ஓடும்போது தோளை லேசாகக் குலுக்கிவிட்டு, "இது அந்தக் குச்சி டான்ஸ் மாதிரி இருக்கே" என்றார். அதுதான் சயீதி. நான் அதற்குப் பலதி என்று பதில் சொல்லியிருந்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே கேள்வி: எழுதத் தெரிந்த எனக்கு ஏன் கேட்கத் தெரியவில்லை?

அந்தக் கேள்வி அடங்குவதற்கு இன்னும் நாலு மாதம் ஆனது. முழுக்க அடங்கிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

தட்டுகள் எங்கே, யார் யார்

இந்த நடனத்துக்கு வாசிக்கும் முக்கிய மேளம் தர்புக்கா. குறுகிய இடுப்பும் விரிந்த வாயும் உள்ள கோப்பை வடிவம். எகிப்தில் இதையே தபலா என்கிறார்கள். நமக்குத் தபலா என்றால் வேறு ஒரு ஜோடி மேளம் கண்ணில் வருவதால் நான் தர்புக்கா என்றே எழுதுகிறேன். இடது தொடைமேல் படுக்கவைத்து, தோல் முன்பக்கம் பார்க்க வாசிப்பார்கள். வலது கை விரல்களைச் சேர்த்துத் தோலின் நடுப்பக்கம் அடித்தால் வருவது தும். விளிம்பில் அடித்தால் வருவது தெக். அதே விளிம்பில் இடது கை விரல் தட்டினால் க. தாளம் முழுக்க இந்த மூன்று சொல்தான். பழைய மேளங்கள் மண்ணால் செய்து மீன்தோலோ ஆட்டுத்தோலோ கட்டியவை. ஈரக் காற்றில் தோல் தளர்ந்துபோகும் என்று உள்ளே ஒரு பல்பை எரியவிட்டுச் சூடேற்றி வைப்பார்கள். இப்போது பெரும்பாலும் வார்ப்பு அலுமினியமும் பிளாஸ்டிக் தோலும்தான்.

என் நோட்டில் இருந்தது இது. மக்ஸூம்: தும் தெக் – தெக் தும் – தெக் –. பலதி: தும் தும் – தெக் தும் – தெக் –. சயீதி: தும் தெக் – தும் தும் – தெக் –. கோடு போட்ட இடம் மௌனம்.

வகுப்பில் இவற்றை நான்கு தட்டாக எண்ணச் சொல்வார்கள். ஒரு தட்டுக்கு இரண்டு கட்டம். வலது கால், இடது கால், வலது, இடது என்று நான்கு எட்டு வைக்க வேண்டும். எனக்கு இரண்டாவது எட்டில்தான் எப்போதும் தகராறு. காலைத் தூக்குவேன், ஏதோ ஒரு சத்தத்துக்காகக் காத்திருப்பேன், தெக் கேட்டதும் வைப்பேன். அதற்குள் அரைத் தட்டு தாமதம். மூன்றாவது எட்டை அவசரமாக வைத்து அதைச் சரிக்கட்டுவேன். பார்க்கிறவர்களுக்கு நான் படியில் தடுக்கித் தடுக்கி ஏறுவதுபோல் இருந்திருக்கும்.

"இரண்டாவது காலுக்கு மேளம் சொல்லித்தரும்னு நிக்கிறீங்க. அங்க மேளமே இல்லைங்க" என்றார் ஆசிரியை.

நோட்டைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். இரண்டாவது தட்டு விழும் இடம் மூன்றாவது கட்டம். மூன்று தாளத்திலும் அங்கே கோடு. நானே போட்ட கோடு. அதை நான் விடுபட்ட இடமாகத்தான் பார்த்திருந்தேன், எட்டு வைக்கிற இடமாகப் பார்க்கவே இல்லை. மேளக்காரர் சும்மா இருக்கும் அந்தக் கணத்தில்தான் ஆடுகிறவரின் எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுகிறது. முதல் தட்டில் இரண்டு சத்தம் வந்ததும் அந்த வேகத்திலேயே கால் தானாக இறங்க வேண்டும். சத்தம் வரும் என்று நின்றால் போச்சு.

அன்றைக்கு ராத்திரி மூன்று தாளங்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று தெரியவில்லை, தனித்தனிப் பக்கத்தில் அழகாக எழுதும் ஆசையாக இருக்கலாம். ஒன்றாம் கட்டம், இரண்டு, நான்கு, ஐந்து, ஏழு. மூன்று தாளத்திலும் அடி விழும் கட்டங்கள் அச்சு மாறாமல் இவையேதான். ஐந்து அடி, மூன்று மௌனம். மக்ஸூமின் இரண்டாம் கட்டத்துத் தெக்கைத் தும் ஆக்கினால் பலதி. அதை விட்டுவிட்டு நான்காம் கட்டத்துத் தெக்கைத் தும் ஆக்கினால் சயீதி. ஒரே ஒரு அடியின் குரல்தான் வித்தியாசம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதமாக ஒவ்வொரு இசைத் துண்டையும் எண்ணி எண்ணித்தானே எது என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன்? எண்ணிக்கை மூன்றுக்கும் ஒன்றே. எத்தனை வருஷம் எண்ணினாலும் பதில் வராது. வீட்டில் மூன்று பேர் ஒரே உயரம் என்று தெரிந்துகொண்டே, கதவைத் தட்டியது யார் என்று உயரத்தை அளந்து கண்டுபிடிக்கப் பார்த்ததுபோல.

எண்ணாதே என்கிறவர்கள்

இந்த இடத்தில் ஒரு கட்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெல்லி டான்ஸ் ஆடுகிறவர்களில் பலர் தாளத்தின் பெயரெல்லாம் எதற்கு, இசையைக் கேட்டால் உடம்பு தானாக ஆடும் என்பார்கள். எனக்கு இதில் பாதிதான் சம்மதம். உடம்புக்குத் தானாகத் தெரிவது அது ஏற்கெனவே கேட்டு வளர்ந்த தாளம்தான். கெய்ரோவில் கல்யாண ஊர்வலங்களைப் பார்த்து வளர்ந்த குழந்தைக்கு மக்ஸூமைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குச் சொல்லித்தந்தால்தான் உண்டு. தவிர, நோட்டு இல்லாவிட்டால் அந்த ஐந்து அடிகளும் ஒரே இடத்தில் விழுவதை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

பெயர்களிலும் விஷயம் இருக்கிறது. மக்ஸூம் என்றால் பங்கிட்டது. பலதி என்றால் நம்ம ஊர்க்காரத்தனமானது, மண்ணோடு ஒட்டியது. சயீதி என்பது சயீத் பகுதியைச் சேர்ந்தது. சயீத்தான் மேல் எகிப்து, வரைபடத்தில் தெற்கே கீழே கிடப்பது. நைல் வடக்கு நோக்கி ஓடுவதால் தெற்குதான் மேடு. அங்கே தஹ்தீப் என்று ஆண்கள் நீளமான கம்பை வைத்து ஆடும் ஆட்டம் உண்டு, 2016-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் கம்புதான் பெண்கள் கையில் பிரம்பாக இளைத்து மேடை நடனத்துக்கு வந்தது. என் பக்கத்தில் நின்ற பெண் 'குச்சி டான்ஸ்' என்று சொன்னது சும்மா அடித்துவிட்டதில்லை. எங்கேயோ வீடியோவில் பார்த்திருக்கிறார், காது அதைக் கம்போடு சேர்த்து முடிந்துவைத்திருக்கிறது. என் காதில் முடிச்சுப் போட ஒன்றும் இல்லை, கட்டங்களைத் தவிர.

இது தெரியாமல் ஆடினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். மேடைக்கு வரும் நடனம் ஒரே தாளத்தில் ஓடுவதில்லை, அதுதான் சிக்கல். பதியா மஸாப்னி என்ற நடனக்காரர் 1926-இல் கெய்ரோவில் தன் கேளிக்கை அரங்கைத் திறந்ததும், தஹியா கரியோக்கா, சாமியா கமால் போன்ற நடனக்காரர்கள் அங்கிருந்து புகழுக்கு வந்ததும் பலருக்கும் தெரிந்த கதை. அந்த மாதிரி அரங்குகளில் பெரிய வாத்தியக் குழுவோடு ஆடி ஆடி உருவான வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. உள்ளே நுழைவதற்கு மல்ஃபூஃப் என்ற வேகமான தாளம், அப்புறம் மக்ஸூம், நடுவே நிதானமாக ஒரு பகுதி, திடீரென்று ஒரு சயீதி, பிறகு மேளம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி. ஒரே உருப்படிக்குள் தாளம் நாலைந்து தடவை மாறும். சயீதி வந்த பிறகும் மக்ஸூமின் வழுக்கலோடு ஆடிக்கொண்டிருந்தால், சபையில் ராகம் மாறியது தெரியாமல் தலையாட்டுகிறவரைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

அப்புறம், என் போன்.

நான் வீட்டில் கேட்டதெல்லாம் போனின் ஸ்பீக்கரில். சமையலறையில் ஒரு மூலையில் சாய்த்துவைத்துவிட்டு வேலையோடு வேலையாகக் கேட்பேன். ஒரு நாள் ஹெட்போனில் அதே பதிவைக் கேட்டபோது அடியில் வேறொரு மேளம் வாசிப்பதுபோல் இருந்தது. அந்தக் குட்டி ஸ்பீக்கருக்குத் தாழ்ந்த சத்தத்தை எழுப்பத் திராணியில்லை. தும்மின் வயிற்றை வெட்டிவிட்டு அதன் மேல்தோலை மட்டும் தருகிறது. அப்படி வரும் தும்மும் தெக்கும் அண்ணன் தம்பி மாதிரிதான் கேட்கும். மூன்று தாளத்துக்கும் இருக்கும் ஒரே வித்தியாசத்தை அழித்துவிடும் கருவியில்தான் நான் மூன்று மாதம் வித்தியாசம் தேடியிருக்கிறேன். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு உருப்படியாக ஒரு யோசனை சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: போன் ஸ்பீக்கரில் தாளம் பழகாதீர்கள்.

ஆனால் ஹெட்போனும் என்னைக் கரைசேர்க்கவில்லை. மேளக்காரர்கள் என் நோட்டில் இருப்பதுபோல் வாசிப்பதில்லை. மௌனக் கட்டங்களுக்குள் தெக் க தெக் க என்று பொடித்தூவிக்கொண்டே போவார்கள். கூடவே ரிக் என்ற ஜால்ரா வைத்த சின்ன மேளம் மேலே சலசலக்கும். விரல்களில் ஸகாத் என்ற குட்டி ஜால்ரா மாட்டிய நடனக்காரர் இருந்தால் அந்த உலோகச் சத்தம் வேறு. எட்டுக் கட்டமும் நிரம்பி வழியும். எலும்பு மட்டுமாகத் தாளம் இருப்பது பாடப்புத்தகத்தில்தான். அந்த இரைச்சலுக்குள் தும்மை மட்டும் பொறுக்க எனக்குத் தெரியவில்லை.

மேளத்தின் வாய்

அந்த மாற்றம் நடந்த நாள் வகுப்பில் நாங்கள் இரண்டே பேர். மழை. ஆசிரியை நடனத்தை விட்டுவிட்டுத் தர்புக்காவை எடுத்தார். எங்களைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லி, தும் வரும்போது மட்டும் கையைத் தூக்கச் சொன்னார். பொடி எதுவும் இல்லாமல் மெதுவாகத்தான் வாசித்தார். நான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிந்தியே தூக்கினேன். முதலில் சத்தம் கேட்கும், அது எந்தக் கட்டம் என்று மனசு தேடும், அந்தக் கட்டத்தில் சிவப்பா நீலமா என்று பார்க்கும், அப்புறம் கை தூங்கி எழுந்தாற்போல் மேலே போகும். அதற்குள் அடுத்த அடி வந்துவிடும்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்படி வாங்க" என்று என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். தர்புக்காவின் பின்பக்கம் திறந்தே இருக்கும். தோல் கட்டாத அந்த வாய்க்கு நேராக, தொடாமல், என் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். தெக் அடித்தார். ஒன்றும் இல்லை. மறுபடி தெக். ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு தும்.

உள்ளங்கையில் காற்று வந்து மோதியது. தூங்கும் குழந்தையின் முதுகில் கை வைத்தால் தெரியுமே ஓர் ஏற்றம், கிட்டத்தட்ட அந்த அளவுக்கு மிருதுவாக, ஆனால் சட்டென்று. தோலின் நடுவில் அடி விழும்போது உள்ளே இருக்கும் காற்று மொத்தமும் சேர்ந்து அசைகிறது, பின்வாய் வழியாக ஒரு மூச்சாக வெளியே வருகிறது. தெக்கில் அசைவது பெரும்பாலும் தோலின் விளிம்புதான், அதனால் கைக்கு எதுவும் வருவதில்லை. இதெல்லாம் அப்புறம் யோசித்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தும் என்றால் காற்று.

"கண்ணை மூடிக்கங்க. எண்ணாதீங்க. என்ன வருதோ அதை மட்டும் சொல்லுங்க."

மக்ஸூம் வாசித்தார். ஒரு மூச்சு, இடைவெளி, ஒரு மூச்சு, இடைவெளி. சீராக, ஊஞ்சல்போல. அடுத்தது ஆரம்பத்திலேயே இரண்டு மூச்சு ஒட்டி ஒட்டி வந்தது, அப்புறம் தள்ளி ஒன்று. அது பலதி என்று சொல்வதற்கு முன்பே என் உடம்பு இரண்டு தடவை தரையில் அழுத்தி உட்கார்ந்தது. மூன்றாவதில் முதலில் ஒரு மூச்சு. பிறகு கொஞ்சம் காலி. அந்தக் காலியில்தான் என் இரண்டாவது எட்டு விழ வேண்டும். அதற்கு அப்புறம் நடுவில் இரண்டு மூச்சு, ஒன்றின் குதிகாலை ஒன்று மிதித்துக்கொண்டு. சிரித்துவிட்டேன். நடுவில் வரும் அந்த இரட்டை அடிதான் சயீதிக்குக் குதிரை நடையைக் கொடுக்கிறது. கம்பைத் தரையில் ஊன்றுவதும் தோளை நிமிர்த்துவதும் எதற்கு என்று கேட்கவே வேண்டாம்.

ஆசிரியை நிறுத்தவில்லை. மெல்ல மெல்லப் பொடி தூவ ஆரம்பித்தார். காதுக்குள் தெக்கும் கவும் மழையாகக் கொட்டின. உள்ளங்கைக்கு எதுவும் மாறவில்லை. ஒரு மூச்சு, காலி, இரண்டு மூச்சு. எவ்வளவு அலங்காரம் சேர்த்தாலும் காற்று அதே இடத்தில்தான் வந்தது. சில நிமிடத்தில் காதும் கையோடு சேர்ந்துகொண்டது. கையை எடுத்த பிறகும் கேட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். இரண்டு தாளம் சுலபமாக வந்தது. மல்ஃபூஃப் என்றால் சுருட்டியது என்று அர்த்தம், தும் – – தெக் – – தெக் –. மூன்று, மூன்று, இரண்டு. தகிட தகிட தக என்று வாயில் போட்டதும் ஒட்டிக்கொண்டது. ஸார் சடங்கில் ஆவிகளைச் சாந்தப்படுத்த வாசிக்கும் அய்யூப், தும் – – க தும் – தெக் –. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டால் தலை தானாக ஆடத் தொடங்கிவிடும், அதில் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. ஆனால் எட்டுத் தட்டு நீளும் மஸ்மூதி கபீர், அதாவது பெரிய மஸ்மூதி, இன்னும் பாதியில் என்னைக் கைவிட்டுவிடுகிறது. பலதிக்குச் சின்ன மஸ்மூதி என்று இன்னொரு பெயர் உண்டு, பெரியதைச் சுருக்கினால் சின்னது என்று விளக்கமெல்லாம் தருவேன். ஆடச் சொன்னால் ஐந்தாவது தட்டில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

இன்னொரு கெட்ட பழக்கமும் போகவில்லை. ஆடிக்கொண்டிருக்கும்போது தாளம் மக்ஸூமிலிருந்து சயீதிக்கு மாறும். உடம்பு மாறிவிடும். உடனே மனசு, 'பார்த்தியா, மாறினதைப் பிடிச்சிட்டோம்' என்று பெருமையாக எண்ணத் தொடங்கும். எண்ணத் தொடங்கியதும் இரண்டாவது கால் மேலேயே நின்றுவிடும். பழைய படி, பழைய தடுக்கல்.

நோட்டை வைத்திருக்கிறேன். போன வாரம் வகுப்பில் ஆசிரியை சமாயி என்ற தாளத்தை ஆரம்பித்தார். இதற்கு எட்டுக் கட்டம் போதாது, பத்து வேண்டும்: தும் – – தெக் – தும் தும் தெக் – –. எல்லாரும் நோட்டை எடுத்தோம், அந்தப் பெண்ணைத் தவிர. நான் பத்துக் கட்டம் போட்டு, சிவப்பும் நீலமும் வைத்து, சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தேன். ஆசிரியை வாசிக்கத் தொடங்கியதும் என் வலது கை நோட்டிலிருந்து எழுந்து தன்போக்கில் தர்புக்காவின் பின்வாயை நோக்கிப் போனது. ஆசிரியை வாசிப்பதை நிறுத்தாமலே, சிரித்துக்கொண்டு மேளத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.